சீமெந்து மூட்டைகளுக்குக் கீழே ஒரு கிணறு

உம்மா விட்டுப்போன பழைய வீட்டை மூன்று குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப் பிரித்துக் கட்டினேன். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் விதிப்படி தூரம் விட்டால் மூன்றாவது வீட்டைக் கைவிட வேண்டும். எனக்கு மனமில்லை. பிளானில் கிணற்றைக் காட்டவில்லை. அதிகாரி பார்க்க வந்த அன்று அதைப் பலகையால் மூடி, மேலே சீமெந்து மூட்டைகளை அடுக்கினேன். அனுமதி கிடைத்ததும் கிணற்றைத் திறந்துவிட்டேன்.

பின்பக்க வீட்டுக்கு ஒரு மௌலவி குடும்பத்தோடு வந்தார். ஒருநாள் கிணற்றடியில் நின்று சொன்னார்: “ஹாஜியார், பைப்ல தண்ணி நிண்டாலும் கவலையில்ல. இந்தக் கிணத்துலதான் கைகால் கழுவி ஒளு எடுக்கிறன். தொழுதிட்டு உங்களுக்கும் துஆ கேக்கிறன்.”

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலக்குழி கசிந்த அசுத்தத் தண்ணீரால் அவருடைய தொழுகையைப் பாழாக்கிவிட்டேனோ என்பதுதான் என் பயம்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“நிறமும் மணமும் மாறல்ல. தொழுகை கூடும், அதுல குறையில்ல. ஆனா சின்னவளுக்கு ஏன் அடிக்கடி வயித்தால போகுது எண்டு இப்பதான் விளங்குது.”

பிள்ளைகள் அதைக் குடிப்பார்கள் என்று நான் ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னும் ஆள் வராத மூன்றாவது வீட்டை இடித்து, தூரம் அளந்து, மலக்குழியை அங்கே மாற்றிவிட்டேன். கிணற்றையும் இறைத்தாயிற்று. மௌலவி வழமைபோல் சலாம் சொல்கிறார். துஆவில் இன்னும் என்னைச் சேர்க்கிறாரா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருவதில்லை.