எண்ணெய் படாத கை

எழிலரசன் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால் உடனே குடித்துவிட மாட்டார். டம்ளரைச் சாய்த்து, தலையையும் சாய்த்து, ட்யூப்லைட் வெளிச்சம் அதன்மேல் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். எங்காவது நெளிந்தால் ஒரு உச்சுக் கொட்டிவிட்டுத்தான் குடிப்பார். கல்யாண வீட்டிலும் இதே கதை. அவருடைய சித்தி மகள் கல்யாணத்தில் ஊரே பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மண்டப வாசலில் குத்துக்காலிட்டு மாப்பிள்ளை வந்த காரின் பின்கதவைத் தலைசாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க அடி வாங்கி, மறுபடி பெயின்ட் அடிச்சிக்கீறானுங்க. ஓனருக்கே தெரிஞ்சிருக்காது" என்று என் காதருகே சொன்னார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரகடத்தில், கார்களுக்கு பம்பர் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஸ்ப்ரே கன் பிடித்து அடிக்கிற ஆள். நான் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள். பகலில் ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன்; மீதி நேரமெல்லாம் மாடிச் சுவரில் சாய்ந்து கீழே நடப்பதை வேடிக்கை பார்க்கிறேன். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார்கள். மாடியிலிருந்து பார்த்தால் மூக்கை நுழைக்கவே வேண்டாம், எல்லாம் தானாகத் தெரியும்.

பெயின்ட் ஷாப்புக்கு எண்ணெய்தான் எமன். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், சென்ட், பவுடர், மல்லிகைப்பூ எதுவும் உள்ளே போகக் கூடாது. பம்பரில் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு விலகி நிற்கும். வட்டமாக ஒரு பள்ளம் விழும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கண்ணு. அதனால் எழிலரசனின் தலை தீபாவளிக்குக்கூட எண்ணெய் கண்டதில்லை. "காக்கா வந்து கூடு கட்டப் போவுதுக்கா" என்று அவர் மனைவி இந்திராணி என்னிடம் முறையிடுவாள். அவர் மசிய மாட்டார். "கண்ணு உழுந்துடும்" என்பார். மழை தூறினாலும், மகள் கவிப்பிரியா படிக்கட்டில் ஓடினாலும், குழம்பில் உப்பு கூடினாலும் அவர் வாயில் வருவது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. மாடுகள் இருந்த காலத்தில் கழுநீர் ஊற்றிய தொட்டி. விடுமுறை நாளில் எழிலரசன் அதில் தண்ணீர் நிரப்பி, தண்ணீரின் மேலேயே ஸ்ப்ரே டப்பாவால் பெயின்ட் அடிப்பார். பெயின்ட் முழுகாது, மேலே படர்ந்து மிதக்கும். ஈர்க்குச்சியால் இழுத்துவிட்டால் நெளிநெளியாகக் கோலம் விழும். அதற்குள் ஒரு பொருளை மெல்ல முக்கி எடுத்தால் கோலம் அப்படியே பொருளின்மேல் ஏறிக்கொள்ளும். போனில் யாரோ வெளிநாட்டுக்காரன் செய்ததைப் பார்த்துப் பழகிக்கொண்ட வித்தை. முதலில் தன் ஹெல்மெட், அடுத்து என் ஹெல்மெட், பிறகு கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்களின் ஹெல்மெட்டெல்லாம் வரிசையாக வந்தன. என் ஹெல்மெட்டை லாட்ஜுக்கு வருகிறவர்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கைதேர்ந்தவர்.

ஆனால் இந்தச் சில வாரங்களாக அந்தக் கையைத்தான் அவர் நம்பவில்லை. கம்பெனியில் அவர் அடித்த பம்பர்களில் கண் விழ ஆரம்பித்தது. காற்றுக் குழாயைச் சோதித்தார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், பெயின்ட்டையே மாற்றிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கண் எல்லாம் பம்பரின் ஓரத்தில், திருப்புவதற்கு அவர் கை வைக்கிற இடத்தில்தான் விழுந்தது. அவரை ஸ்ப்ரே கன்னிலிருந்து எடுத்து மாஸ்கிங்கில் போட்டார்கள். பெயின்ட் படக் கூடாத இடத்தில் டேப் ஒட்டுகிற வேலை. அவர் இடத்தில் வேறொருவன் அடித்தான். கண் நின்றுவிட்டது. ஒரு நாள் மறுபடி இவரை அடிக்க விட்டுப் பார்த்தார்கள், மறுபடி விழுந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இவர் பெயர் இருக்காது என்று லைனில் பேசிக்கொள்கிறார்களாம்.

அன்றிலிருந்து வீட்டிலும் கையுறை போட்டுக்கொண்டார். ஸ்பூனால் சோறு சாப்பிடுகிறார், குழாயை முழங்கையால் திறக்கிறார். கவிப்பிரியா கன்னத்தைக் காட்டிக்கொண்டு வந்தால் தொடாமல் நகர்ந்துகொள்கிறார். ராத்திரி கையுறையைக் கழற்றி, பெயின்ட் கரைக்கிற தின்னரில் கை கழுவுகிறாராம். தோல் வெடித்து வெள்ளை வெள்ளையாக உரிகிறது என்று இந்திராணி அழுதாள். தோல் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்திராணி பூசணிக்காய் சுற்றி உடைத்தும் பார்த்தாள். "ஒடம்புலயே எண்ண ஊறுதுக்கா. சின்னப் புள்ளைல எங்கம்மா தலையில ஊத்தனது எல்லாம் இப்பத்தான் வெளிய வருது" என்றார் எழிலரசன் என்னிடம். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் யாக்கோபு டிரம்மைக் கொண்டுவந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, எனக்குத் தம்பி வயது. இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்து வேலை தேடிக்கொண்டிருந்தவனை எழிலரசன்தான் அதே கம்பெனியின் பேக்கிங்கில் சேர்த்துவிட்டார். அதிலிருந்து அவனுக்கு இவர் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெப வீட்டில் டிரம் வாசிப்பான். ஜெப வீட்டுக்குப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது, வருகிற ஞாயிறு திறப்பு. டிரம்மோ சுற்றியிருந்த உறை உரிந்து, சொறி பிடித்ததுபோல் இருந்தது. அதைத் தொட்டியில் முக்கிப் புதுசாக்கித் தரக் கேட்டான். எழிலரசன் முடியவே முடியாது என்றார். யாக்கோபு விடவில்லை. அவர் கடைசியில் ஒப்புக்கொண்டதற்கு என்ன காரணம் என்று இந்திராணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதில் கண் விழாவிட்டால் கோளாறு கம்பெனியில். விழுந்தால் கோளாறு தன் கையில். விழுந்தால் மாதக் கடைசிவரை காத்திருக்கப் போவதில்லை, தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாராம். இன்னொரு தரம் கன்னைத் தொடுவதில்லை என்று குழந்தை தலையில் அடித்துச் சத்தியம்வேறு.

தோலையும் இரும்பு வளையங்களையும் கழற்றி, வெறும் மரக்கூட்டை வைத்துக்கொண்டு அவர் பட்ட அவஸ்தையை மாடியிலிருந்து பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், வெள்ளை அடித்தார், மறுபடி தேய்த்தார். மரத்துக்குள் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், வட்டம் கோணிவிடும், பிறகு அது எதற்கும் உதவாது. அதனால் உள்பக்கம் முழுக்க டேப். ஒவ்வொரு டேப்பின் விளிம்பையும் கையுறை போட்ட கட்டைவிரலால் அழுத்தி ஓட்டி, சாய்ந்து பார்த்து, மறுபடி ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. யாக்கோபு நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்துவிட்டான். வேடிக்கை பார்க்க நானும் கீழே இறங்கினேன். தொட்டியருகே போகுமுன் என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார். தலையில் இருந்த பூவையும் எடுக்கச் சொன்னார். போர் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீரை வாங்கி ஊற்றியிருந்தார். கூட்டைத் தின்னர் துணியால் கடைசியாக ஒரு தரம் துடைத்து முக்காலியில் வைத்துவிட்டு, சுடுதண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனார். தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால்தான் பெயின்ட் நன்றாகப் படருமாம். அவர் உள்ளே போன நேரத்தில் யாக்கோபு கூட்டின் மேல் கை வைத்து, கண்ணை மூடி, உதடு அசைய ஜெபம் செய்தான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன நினைப்பது?

எழிலரசன் வந்து சுடுதண்ணீரைக் கலந்தார். நீலம், வெள்ளை, அதன்மேல் கொஞ்சம் தங்க நிறம் என்று டப்பா டப்பாவாக அடித்தார். ஈர்க்குச்சியால் ஒரு இழுப்பு. அதற்குமேல் பொறுக்க முடியாது. விட்டால் பாலில் ஆடை கட்டுவதுபோலப் பெயின்ட் ஆடை கட்டிவிடும். கூட்டின் நடுவில் கட்டியிருந்த குச்சியைப் பிடித்து, நின்ற வாக்கில் இறக்கினார். கூடு தண்ணீருக்குள் முழுகியது. மிச்சமிருந்த பெயின்ட்டை இந்திராணி பழைய பேப்பரால் ஓரமாக ஒதுக்க, அவர் மெல்லத் தூக்கினார்.

என்ன அழகு! நீலத்துக்குள் தங்கக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடின. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் கூட்டைத் திருப்பினார். பின்பக்கம் நடுவில் ஒரு இடம் வெள்ளையாக இருந்தது. விரல் நுனி அளவு. அதைச் சுற்றிப் பெயின்ட் ஒதுங்கி நின்றது.

அவர் கூட்டைப் பத்திரமாக முக்காலியில் வைத்துவிட்டு, தரையில் அப்படியே உட்கார்ந்து, கையுறை போட்ட இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். "பாத்தியா? குளோவ்ஸையும் மீறி எறங்குது" என்றார், யாரிடம் என்று இல்லாமல். இந்திராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

யாக்கோபுதான் முக்காலிக்குப் பக்கத்தில் போனான். அந்த வெள்ளைப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றவன் முகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பையில் கைவிட்டுச் சுண்டுவிரல் அளவு ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தான்.

"அண்ணாச்சி, அது ஒங்க கை இல்ல. நான்லா வச்சேன். ஜெபம் பண்ணயில ஒரு பொட்டு வச்சேன்."

எழிலரசன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா அது?"

"ஜெப எண்ண. ஜெப வீட்டு ஊழியக்காரர் ஜெபிச்சுக் குடுத்தது."

"எண்ண வரக்கூடாதுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?"

"தலைக்கு வைக்கதத்தான் சொல்லுதீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. இத நான் எண்ணன்னே நெனைக்கலயே."

பிறகு எழிலரசன் மிக மெதுவாக, பதிலுக்குப் பயந்தவர்போலக் கேட்டார்: "கம்பெனில?"

யாக்கோபு பொலபொலவென்று அழுதுவிட்டான். எழிலரசனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டானாம். காலையில் எல்லாரும் டீக்குப் போகும் நேரத்தில் பெயின்ட் ஷாப்புக்குள் வந்து, அவருடைய கன்னின் பிடியில் ஒரு பொட்டு வைத்து ஜெபித்துவிட்டுப் போவானாம். பிடியிலிருந்து அவர் கையுறைக்கு, கையுறையிலிருந்து பம்பர் ஓரத்துக்கு. அவரை மாஸ்கிங்குக்கு மாற்றிய பிறகு கன்னில் வைப்பதை நிறுத்திவிட்டான். மறுபடி அவர் அடிக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, இன்றாவது நல்லபடி நடக்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்தானாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவனை அறையலாமா, அணைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

"திங்கக்கெழம சூப்பர்வைசர்ட்ட நானே சொல்லிருதேன் அண்ணாச்சி."

"சொன்னா உன்ன நிறுத்திடுவானுங்க."

"சொல்லலேன்னா ஒங்களல்லா நிறுத்துவானுவ."

இரண்டும் உண்மைதான். எழிலரசன் எழுந்து கூட்டின் பக்கம் போனார். தலையைச் சாய்த்து அந்தப் பொட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் வளையத்தைப் பிடிக்கிற இரும்பு வந்து மூடிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாது என்றார். பிறகு யாக்கோபுவைப் பார்க்காமலே சொன்னார்: "தனியா போவாத. நானும் கூட வர்றேன்."

"அத இங்க குடு" என்று குப்பிக்குக் கை நீட்டினார். சாக்கடையில் வீசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். யாக்கோபுவும் அப்படித்தான் நினைத்திருப்பான், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டான். எழிலரசன் முக்காலியடியில் கிடந்த டேப் சுருளை எடுத்தார். கையுறையோடு தடவித் தடவிப் பார்த்தும் டேப்பின் முனை அகப்படவில்லை. ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார், பிறகு மற்றதை. தோல் உரிந்து வெளுத்த கைகள். நகத்தால் முனையைக் கண்டுபிடித்து, குப்பியின் மூடியிலிருந்து அடிவரை சுற்றுச் சுற்றாக டேப் ஒட்டினார். ஒவ்வொரு விளிம்பையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஓட்டினார், தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார், ஓரிடத்தில் மறுபடி அழுத்தினார். திருப்தியானதும் அதை யாக்கோபுவின் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்து, பையின்மேல் வெறும் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.