மழைச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டபோது

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ருவான்வெல்லைப் பக்கத்து மழைக்கோ தொடங்கினால் விடுகிற பழக்கம் கிடையாது. அந்தத் தகரத்தின் கீழே உட்கார்ந்துதான் மெல்பேர்னில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்து லயத்திலிருந்து ஒருத்தி யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறாளாம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எழுத்து எல்லோருக்கும் ஒன்றுதான்.

அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை. எங்கள் மழைக்கும் அந்த நேரம்தான் பிடிக்கும். ஒருநாள் பாடம் முடிந்ததும் ஒரு மாணவியின் அம்மா திரையில் வந்தார்.

“டீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் சொல்லுறது பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லையாம். மழைச் சத்தம்தான் கேக்குதாம்.”

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. அதற்கு முந்திய மாதம் இரண்டு பிள்ளைகள் காரணம் சொல்லாமலே வகுப்பிலிருந்து நின்றிருந்தார்கள். இரைச்சலை அடக்குகிற இயர்பட்ஸ் ஒன்று வாங்குவதென்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. மழை கேட்கக் கூடாது. பக்கத்துக் காம்பரா, அதாவது அடுத்த அறை, கேட்க வேண்டும்.

லயத்தின் கடைசிக் காம்பராவில், மலைச் சரிவை ஒட்டி, ஓர் அக்கா தனியாக இருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். காலமெல்லாம் றப்பர் பால் வெட்டியவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். என் வீட்டுக்காரரும் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு இரண்டு தடவை வந்தால் பெரிய விஷயம். ஆக, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் தனி, அந்தப் பக்கம் அவர் தனி. அக்காவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். ஒருநாள் காலையில் சீனி இறங்கி மயங்கி விழுந்துவிட்டார். நான் தற்செயலாக எட்டிப் பார்த்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நானும் இரண்டு தட்டுவேன். மூன்று தட்டினால் உடனே வா என்று அர்த்தம். போன் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மயக்கம் வருகிறவருக்கு மூக்குக் கண்ணாடி தேடி, போனைத் தேடி, நம்பர் அமுக்க நேரம் இருக்காது. சுவரைத் தேட வேண்டியதில்லை.

பஜாரில் போன் கடை வைத்திருக்கும் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இதையெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையான மனிதர். நான் கேள்வி கேட்கிற ஆள். கடை அடைக்கும் வரைக்கும் கேட்பேன்.

“தங்கச்சி, இதுல ரெண்டு சாமான் இரிக்கி,” என்றார். “ஒன்னு ஒங்கட காதுக்கு. மத்தது மைக்குக்கு. நெறைய பேர் காதுக்குள்ளத வாங்கிட்டுப் போய், அந்தப் பக்கம் ஆக்களுக்கு இன்னும் சத்தம் கேக்குதேன்னு வந்து சண்டை பிடிப்பாங்க. ஒங்களுக்கு ரெண்டும் வேணும்.”

“ரெண்டும் வேணும். தட்டுற சத்தமும் கேக்கணும் நானா.”

“ஹரி, சரி. அப்ப போட்டுப் பாத்துட்டே சொல்லுங்க.”

முதலாவது வெறும் அடைப்பான். மழையோடு அவர் குரலும் போனது. இரண்டாவதைப் போட்டதும் பஸ் மலை ஏறும்போது வருவதுபோல் காது அடைத்தது. மூன்றாவதைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. எதிரே ஓர் ஆட்டோ நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்கும் சத்தம் இல்லை. என் எச்சில் இறங்குவது மட்டும் கேட்டது. தெருவில் போகிறவர்களெல்லாம் செத்துப்போனவர்கள் மாதிரி எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியாது. உடம்பு சிலிர்த்தது உண்மை. அப்போது டக், டக் என்று மண்டைக்குள்ளேயே யாரோ தட்டியதுபோல் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன். நானா சாவியால் கண்ணாடி மேசையைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“விடாம வாற எரைச்சலத்தான் இது புடிக்கும். திடீர்னு வாறத உட்டுடும்,” என்றார். அதையே வாங்கினேன்.

திங்கட்கிழமை வகுப்பு தேன் மாதிரி நடந்தது. முறையிட்ட அந்த அம்மாவின் மகள்தான் மாணவி, ஒன்பது வயது. ஆத்திசூடி சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தும் என் காதில் சுத்தமாக விழுந்தது. பாதியில் அக்கா குடையோடு வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். அவர் வாய் அசைவதைப் பார்த்தேன். மழையைத் திட்டுகிறார் என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டி, திரையைக் கையால் காட்டினேன். அவரும் கையைக் காட்டிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறந்தும் போனேன்.

செவ்வாய்க்கிழமை பாடத்தின் நடுவே டக், டக் என்றது. தேத்தண்ணி நேரமில்லையே என்று நினைத்தபடி கோடு போடும் அடிமட்டத்தை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டக், டக். நானும் தட்டினேன். புதன்கிழமை நான்கைந்து தடவை வந்தது. எனக்கு எரிச்சல். மழையில் வெளியே போக வழியில்லாமல் இந்த அக்கா விளையாடுகிறார், வேறு வேலை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினேன். சில நேரம் நான் தட்டி முடித்த அடுத்த நொடியே பதில் வந்தது. அவ்வளவு வேகமாக அவர் ஒருநாளும் தட்டியதில்லை. அதையும் கவனித்தேன், கவனித்துவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தேன். எட்டிப் பார்க்கவில்லை. சத்தம்தான் வருகிறதே, பிறகு எதற்குப் போய்ப் பார்ப்பது?

வியாழக்கிழமை மாணவி பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“டீச்சர், உங்கட வீட்டில ஆரோ நொக் பண்ணுகினம், தட்டுற சத்தம் கேக்குது.”

அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்டிருக்கிறது. சரி, இதையே பாடமாக்குவோம் என்று என் வாத்தியார் புத்தி வேலை செய்தது. பக்கத்து வீட்டு அக்கா நலமாக இருந்தால் இரண்டு தட்டுவார், நீ தமிழில் எண்ணு என்றேன். அவளுக்குக் கொண்டாட்டம். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கொய்யா இலைகள் மழையில் அடிபட்டு ஆடின, ஒரு சத்தமுமில்லாமல்.

“ஒன்று,” என்றாள். “இரண்டு.” பிறகு கண்ணைத் திறந்தாள். “மூன்று!”

நான் எழுந்து ஓடினேன். மழையில் நனைந்துகொண்டு அக்காவின் கதவுக்குப் போனால், வெளியே பூட்டுத் தொங்கியது. அசைத்துப் பார்த்தேன். பூட்டியேதான் இருந்தது. “அக்கா!” என்று கதவில் தட்டினேன். உள்ளேயிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், சாமி பெயரெல்லாம் வாயில் வந்தது. அக்காவின் நம்பருக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம்.

“அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?”

“குருவிட்டயில, தங்கச்சி வீட்ல. என்னா புள்ள கேக்குற? திங்கக்கெழம ஒன்கிட்டதானே சொல்லிட்டு வந்தேன். நீ தலையாட்டுனியே!”

காதில் அவர் குரல், கண் முன்னால் அவர் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் மறுபடியும் டக் என்றது.

“ஒங்க காம்பராவுக்குள்ள யாரோ தட்டுறாங்க அக்கா.”

“சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு. தனியா தெறக்காத,” என்றார். நான் தனியாகத்தான் திறந்தேன். ஆளைக் கூப்பிட்டு வரும்வரை அங்கே காத்து நிற்பதுதான் எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

முதலில் வந்தது மண் வாசம். வெட்டிய குழியில் வருமே, அந்தப் பச்சை மண் வாசம். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மலைப் பக்கத்துச் சுவர் வயிறு தள்ளியதுபோல் உள்ளே புடைத்திருந்தது. தரையில் மஞ்சள் தண்ணீர். எங்கள் இருவருக்கும் பொதுவான சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு. என் கை முழுதாகப் போகும். என் பக்கத்தில் அந்த இடத்தை அலமாரி மறைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. சுவரடியில் அக்கா கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன அலுமினியச் சட்டி. அதைச் சுற்றி உடைந்த சாந்துக் கட்டிகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கட்டிகள் அதன் மேல் விழுந்தன. டக், டக்.

வெடிப்புக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தால் என் கை எட்டும் உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சாந்து உரிந்து செங்கல் தெரிந்தது. மூன்று நாளாக அந்த இடத்துக்கு மறுபக்கத்தில்தான் நான் அடிமட்டத்தால் தட்டிக்கொண்டிருந்தேன். மலை சுவரைத் தள்ளியிருக்கிறது, சாந்து விழுந்திருக்கிறது, நான் பதில் தட்டி இன்னும் கொஞ்சம் விழவைத்திருக்கிறேன். அதற்கும் நானே பதில் தட்டியிருக்கிறேன்.

லயம் முழுக்க ஒவ்வொரு கதவாக அடித்துக் கத்தினேன். இயர்பட்ஸ் இன்னும் காதில் இருந்தது. என் கத்தல் எனக்கே வேறு யாரோ தொலைவில் கத்துவதுபோல் கேட்டது. பிள்ளைகளையும் தலையணைகளையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. மறுநாள் காலை பத்து மணிபோல் மலை சரிந்து இறங்கியது. நான் நினைத்த மாதிரி இடிச் சத்தமெல்லாம் இல்லை. பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது, அவ்வளவுதான். பார்த்தபோது அக்காவின் காம்பராவும் இல்லை, என் காம்பராவும் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை.

அன்று மாலை அக்கா பையோடு வந்து சேர்ந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். இவள் காது கூர்மை, இவளால்தான் பிழைத்தோம் என்றார்கள். நான் அக்காவை ஓரமாகக் கூட்டிப்போய் நடந்ததை முழுதாகச் சொன்னேன். எரிச்சல்பட்டதையும் மறைக்கவில்லை.

கேட்டுவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“ஏன் புள்ள, நான் ஊருக்குப் போகாம உள்ளயே விழுந்து கெடந்திருந்தா?”

“மூனு தட்டியிருப்பீங்க.”

“தட்ட முடியாமக் கெடந்திருந்தா?”

அவர் தரையில் கிடந்திருப்பார். அவர் தலைமாட்டில் சாந்து இரண்டு கட்டியாக விழுந்திருக்கும். அக்கா நன்றாக இருக்கிறார் என்று நானும் இரண்டு தட்டிவிட்டு, ஆத்திசூடியின் அடுத்த வரிக்குப் போயிருப்பேன். செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான்.

“வந்திருக்க மாட்டேன் அக்கா,” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பையைத் திறந்து, குருவிட்டயிலிருந்து எனக்காகக் கொண்டுவந்த ரம்புட்டானை எடுத்து என் மடியில் வைத்தார்.

“இனிமே எங்க குடியிருந்தாலும் நான் தட்ட மாட்டேன்,” என்றார். “நீ எந்திரிச்சு வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போ.”

வருகிறேன் என்று சொன்னேன். திங்கட்கிழமை நான் அவருக்குத் தலையாட்டிய மாதிரியே அவர் சரி என்று தலையாட்டினார். நான் வருவேன் என்று அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.