மூத்திரச் சுவரோரம் ஒரு சூரியக் கடிகாரம்

திருவொற்றியூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மதில் நீளமாக ஓடும். அந்தப் பக்கம் போகிற வருகிற ஆண்கள் அத்தனை பேருக்கும் அதுதான் கழிப்பிடம். வெயில் ஏற ஏற வாடை எழும்பி, சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். சாமிப் படம் போட்ட ஓடுகளைச் சுவரில் பதித்துப் பார்த்தார்கள். முருகனுக்கு நேராகப் பெய்யக் கூசியவன் இரண்டடி தள்ளிப் போய்ப் பெய்தான். அவ்வளவுதான் நடந்த மாற்றம்.

அப்போது நான் விம்கோ நகர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிராயிங் போடும் வேலையில் இருந்தேன். தொட்டி, புகைபோக்கி, குழாய்த் தாங்கி என்று தினமும் எவனோ ஒருவனுக்காக வரைவேன். என் கையால் எனக்கென்று ஒன்று வரைய வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஒரு பழைய பத்திரிகையில் சூரியக் கடிகாரத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து, மதியச் சாப்பாட்டு வேளையில் அதற்கான கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தேன். தெரு நலச் சங்கக் கூட்டத்தில் அந்த மூலையை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, அங்கே ஒரு சூரியக் கடிகாரம் வைத்தால் எவனும் பெய்ய வரமாட்டான் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

சங்கத் தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தமான ஆள். "செய்மா. பாக்கறவன் வாயப் பொளக்கணும். மணி கரீட்டா காட்டுமா?" என்றார்.

"சூரியனோட மணியக் காட்டும், தலைவரே. நம்ம கடியாரத்தோட கொஞ்சம் வித்தியாசம் வரும்."

"அத்தெல்லாம் பாத்துக்கலாம்" என்று கையை வீசினார். அந்தக் கைவீச்சை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

படங்களில் வருகிற மாதிரி, தட்டையான கல்லின் மேல் முக்கோணத் தகடு நிற்கிற கடிகாரம் சென்னைக்கு லாயக்கில்லை. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம். தகட்டின் சாய்வு பதின்மூன்று டிகிரிதான் வரும், கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். மத்தியான நேரத்துக் கோடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். அதனால் பெரிய இரும்புக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, தொட்டில் மாதிரி மல்லாத்தி, வடக்குப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது என்று முடிவு செய்தேன். நடுவில் ஒரு கம்பி. கம்பியின் நிழல் குழாயின் உள்வளைவில் விழும். வளைவைச் சமமாகப் பிரித்துக் கோடு போட்டால் மணி.

டோல்கேட் பக்கம் ஒரு காயலான் கடையில் குழாய் கிடைத்தது. ஏதோ மீன் எண்ணெய் ஆலையில் கிடந்ததாம். உள்ளே விரல் கனத்துக்குக் கறுப்பாக ஒரு பசை, அதில் முடியும் செதிலும் ஒட்டிக்கிடந்தன. எங்கள் பட்டறை வெல்டர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா மேடம் இது, இவ்ளோ கலீஜாகீது? சூடு பட்டா ஊரே நாறும்."

அவர் சொன்னது சரிதான். அறுக்க கேஸ் தீயைக் காட்டியதும் பசை உருகி, புகைந்து, கொதித்து ஒழுகியது. பட்டறையில் இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். நான் வாசல் ஓரம் போய் வாந்தி எடுத்தேன். அதன் பிறகு மண்ணெண்ணெயும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்தேன். தலைமுடியிலிருந்து அந்த நாற்றம் போகப் பல நாளாயிற்று. என் வீட்டுக்காரர் பாயைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

அறுத்து முடித்ததும் அடுத்த தலைவலி. இத்தனை வருஷம் உருளையாக இறுகிக் கிடந்த இரும்பு, பிளந்ததும் வாயை அகல விரித்துக்கொண்டது. வளைவு மாறிவிட்டால் கோடுகள் எல்லாம் பொய்யாகிவிடும். சங்கிலி போட்டு இழுத்து, அளவுக்குக் கொண்டுவந்து, வெளிப்புறம் பட்டைகள் வைத்து வெல்டர் பற்ற வைத்தார். ஒரு பக்கம் பற்ற வைத்தால் சூட்டில் மறுபக்கம் முறுக்கிக்கொண்டது. திரும்பத் திரும்பச் செய்துதான் நேரானது.

அடுத்தது வடக்கைக் கண்டுபிடிப்பது. காம்பஸ் அங்கே உதவவில்லை. தொழிற்சாலையின் இரும்புக் கேட்டும் கடிகாரத்துக்காகத் தாழ்வாகப் போட்டிருந்த கான்கிரீட் மேடையின் கம்பிகளும் முள்ளைக் கண்டபடி இழுத்தன. மேடையின் நடுவில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, சுற்றிலும் வட்டம் போட்டேன். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடுகிற இடம், மாலையில் தொடுகிற இடம், இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே வடக்கு. எளிய வேலை. ஆனால் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருவனும் தயங்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று பெய்துவிட்டுப் போனார்கள். ஈரம் ஓடி வந்து என் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. ஒருத்தரிடம், "அண்ணே, ஆள் இருக்கறது தெரியலயா?" என்றேன்.

"நீ ஏம்மா இங்க வந்து குந்திகினு கீறே?" என்று என்னையே கேட்டார், வேலையை நிறுத்தாமல்.

மத்தியானத்துக்கு மேல் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனை அன்றைக்குப் பிடித்த மாதிரி எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

எப்படியோ இரும்புக் கால்கள் வைத்து, மேடையில் போல்ட் போட்டு நிறுத்திவிட்டோம். உள்ளே வெள்ளை எனாமல், கறுப்புக் கோடுகள். பக்கத்திலேயே, எந்த மாதத்தில் எத்தனை நிமிஷம் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்று ஒரு தகட்டில் எழுதிப் பொருத்தினேன். முதல் நாள் காலையில் கம்பியின் நிழல் மெல்ல நகர்ந்து ஒரு கோட்டின் மேல் படுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வட்டாரப் பிரமுகர் ஒருவர் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. அது பிப்ரவரி மாதம். அந்த மாதத்தில் சூரியன் நம் கைக்கடிகாரத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பின்தங்கி வரும்.

திறப்பு விழாவுக்குப் போனபோது தூரத்திலேயே ஏதோ தப்பாகப் பட்டது. கடிகாரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, மேற்குப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் சொருகியிருந்தார்கள். நிழல், தலைவரின் கைக்கடிகாரம் காட்டிய மணியையே காட்டியது. என் தகட்டைக் காணோம். அந்த இடத்தில் பிரமுகர் பெயரும் தலைவர் பெயரும் பொறித்த கல். குழாயின் உள்ளே சந்தனமும் குங்குமமும் அப்பி, சூடம் ஏற்றி, வெள்ளை எனாமலில் கரி ஏறியிருந்தது. கம்பியில் ரோஜா மாலை. பிரமுகர் தன் வாட்சைப் பார்த்து, நிழலைப் பார்த்து, "சூப்பர்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தலைவரிடம் போனேன். "இன்னா தலைவரே இது?"

"ஒரு செங்கல்லுதானம்மா. அவரு முன்னாடி தப்பா மணி காட்னா சங்கத்துக்கு இன்னா மரியாத?"

"தப்பு இல்ல அது. இப்பதான் தப்பு. ஐப்பசி, கார்த்திகைல வந்து பாருங்க, அரை மணி முன்னாடி ஓடும்."

"அப்ப அவரு வரப்போறாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.



ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி ஜாக்கியைக் கொண்டுவந்து நானும் வீட்டுக்காரரும் செங்கல்லை உருவினோம். அடுத்த வாரமே தலைவர் அதைத் திரும்ப வைத்து, இந்தத் தடவை சிமெண்டும் பூசிவிட்டார். மழைக்காலம் வந்தது. நான் சொன்ன மாதிரியே கடிகாரம் அரை மணி முந்தியது. "உன் கடியாரம் இன்னாக்கா, ரயிலு புடிக்க ஓடுது?" என்று தெருவில் கேட்டுச் சிரித்தார்கள். தண்ணீர் வடிய நான் போட்ட ஓட்டையைப் பான்பராக் பாக்கெட்டுகள் அடைத்துக்கொண்டன. டீக் கப், எச்சில், ஊறிப்போன பரோட்டா, ஒருநாள் ஒரு செத்த பெருச்சாளி. வாரா வாரம் கையுறை போட்டுக்கொண்டு அள்ளினேன். சங்கத்திலிருந்து ஒரு ஆள்கூட ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்ததில்லை.

கடைசியில் ஒரு காலை, வேலைக்குப் போகும்போது பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் ஆபீஸ் பை. அந்த ஆள் என் குழாய்க்குள் பெய்துகொண்டிருந்தார். ஒன்பது மணிக் கோட்டின் மேல்.

"சீ!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்து, பதறாமல் சொன்னார்: "சுவத்துல போவாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் வேலைக்குப் போகவில்லை. வெல்டரைக் கூட்டிவந்து சிமெண்டை உடைத்து, போல்ட்டை அறுத்தோம். மீன்பாடி வண்டியில் நாலு பேராக ஏற்றினோம். தலைவர் பல் குச்சியைக் கடித்தபடி வந்து பார்த்தார். தடுப்பார், சண்டை போடுவார் என்று நினைத்தேன். சண்டை போட நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"எட்துனு போறியா? சரி. நாலு டூவீலரு நிறுத்தலாம்" என்றார்.

மொட்டை மாடியில் ஏற்றி, பினாயில் ஊற்றிக் கழுவி, எனாமல் அடித்து, வடக்கு பார்த்துத் திரும்ப நிறுத்தினேன். இங்கே யாரும் செங்கல் வைப்பதில்லை. பிப்ரவரியில் பின்தங்கி, நவம்பரில் முந்தி, சூரியன் போகிற போக்கில் அது சரியாகவே போகிறது. தினம் காலையில் துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக் கரித்தூளும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் ஒரே ராத்திரியில் உள்ளே படிந்துவிடுகின்றன. துணியைப் பிழிந்தால் மை மாதிரி தண்ணீர் வருகிறது. அதைச் சாக்கடையில் ஊற்றும்போது, நேற்று முழுக்க நாங்கள் இழுத்துவிட்ட மூச்சும் இதுதானே என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.