மீசை மாஸ்டர் விட்ட எழுத்து

ஒசாகாவில் தோய் மியாவைத் தெரியாதவர் கிடையாது என்று எழுத ஆசைதான். என்ன செய்ய, அவளைத் தெரிந்தவர்கள் அவள் கல்லாவில் நிற்கும் கடைக்கு முள்ளங்கி வாங்க வருகிறவர்கள் மட்டும்.

இருபத்து மூன்று வயதில் அவள் செய்த வேலையைத்தான் இன்று ஊரே சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறது. கட்டம் கட்டமாக, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக இருக்குமே, பழைய வீடியோ கேம் எழுத்து, அதேதான். தேநீர் டப்பாவில் அது, ரயில் நிலையத்தில் அது, கல்யாணப் பத்திரிகையிலும் அது. போன மாதம் ஈமச்சடங்கு நடத்தும் கடைக்காரன்கூட அந்த எழுத்தில் 'அமைதியான பயணம்' என்று பலகை வைத்தான். செத்தவனுக்கு இன்னும் இரண்டு உயிர் பாக்கி இருக்கிறதென்று நினைத்தானோ என்னவோ!

எட்டுக்கு எட்டு, மொத்தம் அறுபத்து நான்கு கட்டம். அதற்குள் ஓர் எழுத்து அடங்க வேண்டும். வலப்பக்கமும் அடியிலும் ஒரு வரிசை காலி விட்டால்தான் பக்கத்து எழுத்தோடு ஒட்டாது. ஆக மிஞ்சுவது ஏழுக்கு ஏழு. நெட்டுக் கோட்டை ஒற்றையாகப் போட்டால் அந்தக் காலத்து டிவியில் நிறம் வழிந்து கோடே காணாமல் போகும் என்று மியா அதை இரட்டையாகப் போட்டாள். பன்னிரண்டு கீற்று உள்ள பட எழுத்தில் எந்த நாலைப் பிடுங்கினால் மிச்சத்தைப் படிக்க முடியும் என்று கண்டுபிடிக்க, ரப்பர் தேயத் தேய அழித்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனி போட்ட, நரி ஒன்று நூடுல்ஸ் கடை நடத்தும் விளையாட்டு அது. ஜப்பானிய மொழிக்கு ஆயிரக்கணக்கில் எழுத்து உண்டு, ஆனால் நரி பேச முந்நூற்றுப் பன்னிரண்டு போதும். அதற்கு மேல் சிப்பில் இடமுமில்லை.

விளையாட்டின் முடிவில் பெயர்கள் ஓடும். சொந்தப் பெயர் போடக்கூடாது என்பது முதலாளி கட்டளை. போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவானாம். எல்லோருக்கும் புனைபெயர். 'மீசை மாஸ்டர்' என்று மியாவுக்குப் பெயர் வைத்தவர் பிரிவுத் தலைவர் ஹிரோசே. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் குனிந்து நன்றி சொன்னாள்.

கம்பெனி மூடி முப்பது வருஷமாகிவிட்டது. இப்போது ஒரு சின்ன அருங்காட்சியகம் பழைய விளையாட்டுகளுக்குக் கண்காட்சி வைத்தது. மீசை மாஸ்டர் யார் என்று தேடினார்கள். ஓய்வு பெற்றபின் ஹிரோசே மீசை வளர்த்திருந்தார். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டார்!

அது நான்தான் என்று மியா அருங்காட்சியகத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். மூன்றுக்கும் ஒரே அச்சடித்த பதில். ஆர்வத்துக்கு நன்றி, இத்துடன் பாதி விலை நுழைவுச்சீட்டு.

"மூணு சீட்டு வந்திருக்குல்ல, வாடி போவோம்," என்றாள் பக்கத்துக் கல்லா யோஷிமி. "அந்த மீசையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்துட்டு வருவோம்."

"சும்மா இருடி. எனக்குக் காசு வேண்டாம், மாலை வேண்டாம். அந்தக் கண்காட்சிப் பலகையில என் பேர் இருக்கணும். செத்தா கல்லுல போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது."

திறப்பு விழாவில் ஹிரோசே மைக்கைப் பிடித்தவர் விடுவதாக இல்லை. அந்தப் பல்லுப் பல்லான ஓரங்கள் நகரத்து மனிதனின் தனிமையாம். இரட்டைக் கோடு தாயும் பிள்ளையுமாம்! நிருபர்கள் விழுந்து விழுந்து எழுதினார்கள். கடைசி வரிசையில் மியா பாதி விலைச் சீட்டை நாலாக மடித்தாள்.

கண்காட்சிப் பொறுப்பாளர் அகாஷி, சின்னப் பெண், பெரிய திரையைக் காட்டினாள். வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தட்டினால் அதே பழைய எழுத்தில் வருமாம்.

"முதல்ல மாஸ்டர் பேரையே போடுவோம்," என்று தட்டினாள்.

பட எழுத்தில் ஹிரோசே என்ற பெயருக்கு இரண்டு எழுத்து. முதல் எழுத்து ஜம்மென்று வந்தது. இரண்டாவது இடத்தில் வெறும் கட்டம்.

அகாஷிக்கு முகம் வெளுத்தது. "மாஸ்டர், உங்க பேர்ல உள்ள எழுத்தே இல்லையே! வெறும் ஒலியெழுத்துல போட்டுடட்டுமா?"

ஒலியெழுத்திலா! பாலர் வகுப்புப் பிள்ளையின் சட்டையில் குத்தும் பெயர் அல்லவா அது! கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹிரோசேயின் காது சிவந்தது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை வருஷப் பதவி அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. கண் கூட்டத்தைத் துழாவி, கடைசி வரிசையில் போய் நின்றது.

"தோய் மியா! இந்த எழுத்தை ஏன் விட்டே? என் பேர்னு தெரியாதா உனக்கு?"

மியா எழுந்துவிட்டாள். இடுப்பு தானாக வளைந்தது.

"மன்னிக்கணும் சார். நரி பேசுற பேச்சுல அந்த எழுத்து வரவே இல்ல. அதான் போடல."

"முன்னாலேயே கேட்டிருக்க வேண்டாமா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எதையும் என்னைக் கேட்டுட்டுப் போடுன்னு!"

"மன்னிக்கணும் சார்."

ஒரு பேனாகூட அசையவில்லை. ஹிரோசே தண்ணீர் குடித்தார். தான் என்ன சொன்னோம் என்பது பாதி டம்ளரில்தான் அவருக்கு உறைத்தது. மீசையெல்லாம் தண்ணீர்.

அகாஷி மெதுவாக இறங்கி வந்தாள். "அம்மா, அப்போ நீங்க விட்டது எத்தனை எழுத்து?"

மியா நிமிர்ந்தாள். 

"இவர் பேர்ல அந்த ஒண்ணைத்தான்மா விட்டேன். மத்தபடி நரிக்கு வேண்டிய முந்நூத்திப் பன்னிரண்டையும் போட்டுட்டேன்."