கல்வளைவு வாசலில் அம்மா

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்காரர் இரும்புக் கதவின் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசத்தில், கணபதிப் பகுதிக்கு அப்பால் இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் முன்பிருந்த தோட்டத்துக் கல்வளைவும், அதையொட்டிய எங்கள் ஒற்றையறைக் காவல் வீடும், மழைநீர் கல்லிடுக்கில் சொட்டும் சத்தமும் எழுந்து வந்தன. அம்மாதான் அங்கே காவல்; கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய் விடுவதும் அவள்தான். முதலாளி காருக்கு மட்டுமே பெரிய கதவு திறக்கும்; மற்றவர்கள் பக்கத்துச் சின்னக் கதவில் குனிந்து போவார்கள். ஒரு மழைநாளில், பிரசவ வலியில் துடித்த கூலிக்காரப் பெண்ணை ஏற்றிக்கொண்டு உள்ளிருந்து மாட்டுவண்டி வந்தது. வெளியே முதலாளியின் கார் ஆரன் அடித்தது. அம்மா பெரிய கதவைத் திறந்து, காரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“கொஞ்சம் நில்லுங்க மொதலாளி. வலியெடுத்த புள்ள படுத்திருக்குதுங்க, வண்டி போயிரட்டுங்க.”

முதலாளி டிரைவரிடம் காரைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். வண்டி வளைவைத் தாண்டும்வரை அம்மா நனைந்தபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு உயரமாக அவளை நான் அதுவரை பார்த்ததேயில்லை.