கீழ்வீட்டிலிருந்து மூன்று தட்டு

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கழி நிற்கிறது. துணி காயப்போடும் கழிதான். ஆனால் எங்கள் வீட்டில் அதில் ஒரு கைக்குட்டைகூட காய்ந்ததில்லை. அதன் ஒரு முனையில் பழைய காலுறையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருக்கிறது. வருகிறவர்கள் ஒட்டடைக் கம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. திருத்தினால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்; நான் கதை சொல்ல ஆரம்பித்தால் வந்தவர்கள் கடைசி ரயிலைத் தவறவிட்டுவிடுவார்கள் என்பது என் மனைவியின் கவலை.

கழி எங்களுடையதல்ல, கீழ்வீட்டு அண்ணனுடையது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நாங்கள் ஐந்தாம் மாடி, அவர் நேர் கீழே நான்காம் மாடி. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். நானோ கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிறவன். மாப்பிள்ளை மேடையேறி உட்காருவதற்குள் இரண்டு நகைச்சுவை சொல்லிவிடுவேன். ஒன்றுக்காவது யாராவது சிரிப்பார்கள், பெரும்பாலும் நான். அப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் காது கேட்காத பெட்டை நாய் ஒன்று வந்து சேர்ந்தது. தேர்ந்தெடுத்தவள் மனைவி. காரணம் கேட்டேன். "உங்க பேச்சைப் பக்கத்துல இருந்து தாங்கக்கூடிய ஒரே ஜீவன் இதுதான்," என்றாள்.

உடம்பெல்லாம் பொன்னிறம், முதுகில் மட்டும் கருகல். வடை என்று பெயர் வைத்தோம். கூப்பிட்டால் கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று நான் கேட்டதற்கு, உங்களுக்கும்தான் ஒரு பெயர் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிறீர்களா என்று பதில் வந்தது. நாய்க் காப்பகத்திலிருந்து வடையை ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் கொண்டுபோய்த் திருப்பி விட்டிருந்தன. அதனால் எங்களுக்கு மூன்று மாதம் தவணை. முடிவில் காப்பகத்துப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். வேறு அறையில் இருக்கும் நாயை, முகம் காட்டாமல், நாங்கள் வரவழைத்துக் காட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் புகாரும் இருக்கக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் வடை மூன்றாம் முறையாகக் கூண்டுக்குத் திரும்பும். இதைக் கேட்ட அன்றே மனைவி அதன் தட்டில் பெயரை எழுதி ஒட்டிவிட்டாள். அது எனக்குச் சொன்ன சேதி என்று புரிந்துகொண்டேன்.

கைச்சாடைகளை வடை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரும், விரலைச் சுழற்றினால் சுற்றும். எனக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு பேசத் தெரியாது. ஒருநாள் கல்யாண வீட்டாரோடு தொலைபேசியில் விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே வடை உட்கார்ந்தது, எழுந்தது, சுற்றியது, படுத்தது, மறுபடி எழுந்து சுற்றியது. நான் பேசி முடித்து நிமிர்ந்தபோது மூச்சிரைக்க நின்று, கூலி எங்கே என்று கேட்பதுபோல் என்னையே பார்த்தது.

ஆனால் சாடையைப் பார்க்க முகம் திரும்பியிருக்க வேண்டுமே? அதற்குத்தான் தரையை உதைப்பது. அதிர்வை உணர்ந்து நாய் ஓடி வரும் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் மாலை ஏழு மணிக்குக் கூடத்தில் நின்று காலைத் தூக்கி ஓங்கி மிதிப்பேன். என் எடைக்கு அதிர்வு குறைவாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டு மிதி, மூன்று மிதி. உடனே கீழ்வீட்டு அண்ணன் மூங்கில் கழியால் தன் வீட்டுச் சீலிங்கைக் குத்துவார்: டொக், டொக், டொக். நான் பயந்து நிறுத்துவேன். அந்த நேரம் பார்த்து வடை அறையிலிருந்து ஓடி வரும். நான் பிஸ்கட் கொடுப்பேன். என் காலுக்கு எவ்வளவு மகிமை என்று பூரித்துப்போனேன்.

மூன்று மாதத் தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது மின்தூக்கியில் அண்ணன் பிடித்துக்கொண்டார். "தம்பி, மேல யானை கீனை வளக்குறீங்களா லா?"

"நாய்தாண்ணே. சின்ன நாய்."

"அப்ப உதைக்கிறது யாரு?"

நான் மாடி எண்களை எண்ணத் தொடங்கினேன். "இன்னொரு வாட்டி சத்தம் கேட்டா புகார் எழுதிப் போட்டுருவேன்," என்று நான்காம் மாடியில் இறங்கிப் போனார்.

சோதனைக்கு முந்தின நாள் எனக்குள் ராஜதந்திரி விழித்துக்கொண்டான். ஃபேரர் பார்க் பக்கம் போய் ஒரு டப்பா லட்டு வாங்கி, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று மாதக் கதையை, சொல்ல வேண்டியதைவிட மூன்று மடங்கு நீளமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "வாயில்லா ஜீவன். திருப்பியா அனுப்பிடுவாங்க?" என்றார். பிறகு, "நீங்க எவ்வளவு வேணா உதைங்க தம்பி. நான் இனிமே கழியைத் தொடவே மாட்டேன்," என்று வாக்குக் கொடுத்தார். நான் மாடியேறியது நடந்தா மிதந்தா என்று தெரியாது.

மறுநாள் பயிற்சியாளர் வந்தார். இளம் தமிழ்ப்பெண், கையில் படிவம். வடை படுக்கையறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. "கூப்பிடுங்க அங்கிள்," என்றார். மிதித்தேன். காது லேசாகக்கூட அசையவில்லை. மறுபடி மிதித்தேன். அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. வடை கொட்டாவி விட்டுக் காலை இன்னும் நீட்டிக்கொண்டது. வியர்வை வழிய நான் குதித்த குதியைக் கல்யாண மேடையில் குதித்திருந்தால் என் தொழிலில் முதன்முறையாக மண்டபம் முழுதும் சிரித்திருக்கும்.

மனைவி என் காலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து காதோரம் சொன்னாள்: "உங்க காலுக்கு அது என்னிக்கு வந்துச்சு? கீழருந்து மூணு தட்டு வந்தாத்தானே நீங்க பிஸ்கட்டையே எடுப்பீங்க." சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள்.

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. என் வாழ்நாளில் என்னை யாராவது திட்ட மாட்டார்களா என்று அப்படி ஏங்கியதில்லை. பயிற்சியாளரின் பேனா படிவத்தை நெருங்கியது.

டொக், டொக், டொக்.

வடை துள்ளி எழுந்தது. கூடத்துக்கு ஓடி வந்து என் முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட் வைத்திருக்கும் சட்டைப்பையை முகர்ந்தது.

"அது என்ன சத்தம் அங்கிள்?" என்றார் பயிற்சியாளர். இரண்டு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசக்கூடியவன் நான். ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதற்குள் கைலியும் மூங்கில் கழியுமாக அண்ணன் வாசலில் நின்றார், பின்னால் என் மனைவி.

"பாப்பா, நாயைக் கொண்டுபோயிடாதம்மா. தட்டுறது நான்தான். ஒருநாளும் லீவு போட மாட்டேன்," என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பயிற்சியாளர் சிரிப்பை அடக்கப் படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். "நீங்க இல்லாத நாள்ல என்ன பண்ணுவாங்க அங்கிள்? தட்டுறதை இந்த வீட்டுக்குள்ளயே தட்டப் பழகுங்க. மூணு வாரம் கழிச்சு வர்றேன்."

மூன்று வாரமும் மாலை ஏழு மணிக்குப் பயிற்சி. முதலில் அவர் கீழேயும் நான் மேலேயும் ஒன்றாகத் தட்டினோம். பிறகு அவர் மெதுவாகவும் நான் பலமாகவும். கடைசியில் நான் மட்டும். தட்டி முடித்ததும் படியேறி வந்து, "வந்துச்சா?" என்று கேட்பார். பிஸ்கட்டைத் தன் கையால்தான் கொடுப்பார். நான் கொண்டுவந்த கழி சரியில்லை என்று தன்னுடையதையே தந்து, தரை ஓடு கீறாமலிருக்கத் தன் காலுறையையும் மாட்டிவிட்டார். பயிற்சியாளர் மறுபடி வந்த அன்று நான் தட்டினேன், வடை வந்தது. படிவத்தில் கையெழுத்து விழுந்தபோது மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். வெங்காயம் நறுக்கினேன் என்றாள். அன்று சமையலில் வெங்காயமே இல்லை.

போன வருடம் அண்ணன் பொங்கோலில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். கழியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அங்க துணி காய எல்லாம் டிரையர் லா. வடைப் பொண்ணுக்கே இருக்கட்டும்," என்றார். அதன்பிறகும் பல மாலைகளில் வடை கூடத்தில் நான் தட்டும் இடத்தில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நான் தட்டினால் என்னிடம் வரும். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வாசலையும் ஒருமுறை பார்க்கும்.

கீழ்வீட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து இளம் தம்பதி ஒன்று வாடகைக்கு வந்தது. வந்த மறுவாரம் நான் தட்டி ஓய்ந்ததும் கீழிருந்து பதில் வந்தது: டொக், டொக், டொக். வடை காலில் சக்கரம் கட்டியதுபோல் கூடத்தைச் சுற்றியது. மறுபடியும் புகார், மறுபடியும் லட்டு. டப்பாவோடு இறங்கிப் போய் மணியை அழுத்தி, மன்னிப்பின் முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அந்தப் பெண் கேட்டாள்:

"சரியாத் தட்டினேனா சார்? வீட்டைக் காட்டும்போதே வீட்டுக்கார ஐயா சொன்னாரு. மேல தட்டுற சத்தம் கேட்டா கோபப்படாதீங்க, பதிலுக்கு மூணு தட்டு தட்டுங்க, அங்க ஒருத்தி காத்துக்கிட்டிருப்பான்னு. எங்ககிட்ட மாப்புக் கட்டைதான் இருக்கு. அது போதுமா?"

லட்டு டப்பாவை அவள் கையில் வைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். மேலே வந்து இதை மனைவியிடம் சொன்னபோது, நான் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓரிடத்திலிருந்து திரும்பி வந்தேன் என்பதைத்தான் அவள் நம்பவில்லை. கழியைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன். பொங்கோலுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அண்ணன் எடுத்ததும் கேட்டது ஒரே வார்த்தை.

"வந்துச்சா?"