கடைசியிலிருந்து கிழிந்த அகராதி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த லியனார்டுக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஒரே கிறுக்கு, இங்கிலீஷ் சொற்கள். அதிலும் முகச்சாயல் ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்களைக் கண்டுவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. காதுக்கும் இயர், நெற்கதிருக்கும் இயர். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா, வழியில் சேர்ந்துகொண்டவையா? ஓடிப்போன வெள்ளைக்கார துரை விட்டுச் சென்ற தலையணை பருமன் அகராதியைப் புரட்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன் அவை வேறு வேறு சொற்கள் என்று கண்டுபிடித்தார். அதை ஊர்வம்புபோல் மனைவி உர்சுலாவிடம் சொன்னார். அதை வைத்து உலை கொதிக்குமா என்று கேட்டாள் அவள்.

நியாயமான கேள்விதான். ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. உர்சுலா காய்ச்சலில் விழுந்து கிழங்கும் இறங்காமல் போனபோது, லியனார்ட் தாமே அகராதியைச் சுமந்துபோய் யூனுஸ் பாயின் மளிகைக் கடையில் கொடுத்துக் கஞ்சிக்கு அரிசி வாங்கிவந்தார். ஊரெங்கும் காகிதப் பஞ்சம்; பாய்க்குப் பொட்டலம் மடிக்கத் தாள் வேண்டியிருந்தது.

உர்சுலா எழுந்து நடமாடிய பிறகுதான் முள் குத்தத் தொடங்கியது. ஒரு சொல் ஜோடியைப் பாதியில் விட்டிருந்தார். வீட் என்றால் களை. பழைய புத்தகங்களில் விதவை உடுத்தும் துக்கத் துணிக்கும் வீட்ஸ் என்றே பெயர். களைக்கும் துணிக்கும் என்ன உறவு? டபிள்யூ எழுத்து அகராதியின் கடைசியில்தானே வருகிறது, பாய் அதுவரை கிழித்துவர மாசக்கணக்காகும் என்று சாவகாசமாகத்தான் போனார். போய்ப் பார்த்தால் முன்பக்கம் முழுசாக இருக்கிறது, பின்பக்கம் மொட்டை.

“எங்க கிதாபெல்லாம் இந்தப் பக்கந்தானே தொறக்கும், கிராணி?” என்றார் பாய்.

வலமிருந்து இடமாக எழுதும் அரபுத் தமிழ் ஓதி வளர்ந்தவர். நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அதுதான் அவருக்கு முதல் பக்கம். அவரைக் கோபித்து என்ன பயன்? அந்த வாரம் அந்தத் தாள்களில் மிளகாய் கட்டி வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்டுக்கொண்டு லியனார்ட் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஜப்பான்காரன் காலத்தில் இங்கிலீஷ் தாள் தேடி அலைய அசட்டுத் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது. பாதித் தாள்கள் அடுப்பில் போயிருந்தன, மீதி சுருட்டுப் புகையாக.

ஐந்தாம் நாள், தொழிலாளர் லைன் வீட்டு வள்ளியம்மாவின் பலகைச் சுவரில் அந்தத் தாள் அகப்பட்டது. ஓட்டையை மறைக்க மரவள்ளிக் கஞ்சியால் ஒட்டியிருந்தாள். அவள் புருஷன் ரெங்கசாமியை, போனவர்களில் பாதிப்பேர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிப்போய்ப் பதினொரு மாசம். ஒரு சேதியும் இல்லை.

லியனார்ட் சுவரோடு மூக்கு உரசப் படித்தார். உறவே இல்லை. பழைய காலத்தில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஒலி தேய்ந்து தேய்ந்து முகம் ஒன்றாகிவிட்டது. ‘அப்படியா சங்கதி’ என்று துள்ளிய மனசு, மறுகணமே விதவையின் துணி என்ற அந்த இரண்டாம் பொருளில் போய் நின்றது.

“என்னண்ணே போட்டிருக்கு?” என்று கேட்டாள் வள்ளியம்மா.

“புல்லு பூண்டப் பத்திம்மா.”

“அவருக்கு கொஞ்சம் இங்கிலீசு தெரியும். வந்ததும் படிச்சிக் காட்டச் சொல்லணும்,” என்றாள்.

லியனார்ட் விரல் நுனியால் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அந்தத் தாள் தமக்கு அவசியம் வேண்டும் என்றார். அது உண்மையும்தான். தண்ணீர் தொட்டு மெல்ல உரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வேறொரு தாளோடு வந்தார். பாய் இன்னும் கிழித்து எட்டாத முன்பகுதியிலிருந்து, இரண்டு புறமும் இரண்டு முறை படித்துத் தேர்ந்தெடுத்துக் கேட்டு வாங்கியது. ஓட்டையின் மேல் சுருக்கம் விழாமல் ஒட்டினார்.

“இதுல என்னண்ணே?”

“நெல்லுக் கதிரு,” என்றார் லியனார்ட். “அவரு வந்ததும் படிக்கச் சொல்லு.”